எலேனின் கறுப்புக் கோட்

போன கிழமை பாரிஸில் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, ஒரு சலவைக்கடையின் திறந்த கதவால் ஈரக் கம்பளித் துணியை அயர்ன் பண்ணும் வாசம் வந்தது. நல்ல வாசம் என்று சொல்ல மாட்டேன். நனைந்த ஆட்டை நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கோ எலேன் நினைவுக்கு வந்துவிட்டார்.

பல வருடங்களுக்கு முன் அதே தெருவில் ராசன் அண்ணையின் தையற்கடையில் வேலை செய்தேன். சேலைச் சட்டைகள், பரதநாட்டிய உடுப்புகள். ஒருநாள் எலேன் வந்து, தான் ‘செஃப்’ என்றும் கையைத் தூக்க வசதியான உடுப்பு வேண்டும் என்றும் சொன்னார். எங்கள் கடை இருந்த லா சப்பல் பகுதியில் எங்கள் ஆட்களில் பாதிப்பேர் ஏதோவொரு செஃப்பின் கீழ் பாத்திரம் கழுவியவர்கள். ராசன் அண்ணை உடனே வெள்ளைத் துணியை எடுத்து விரித்தார். எலேன் சிரித்துக்கொண்டு அளவெடுக்கும் அடிமட்டத்தைக் காற்றில் ஆட்டிக் காட்டிய பிறகுதான், பிரெஞ்சில் இசைக்குழுவை நடத்துகிறவரும் செஃப்தான் என்று விளங்கியது.

பாரிஸை ஒட்டிய சென் தெனியில் மாணவர் இசைக்குழு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். ஆண்களின் கடையில் வாங்கிய கோட், கையைத் தூக்கினால் காதுவரை ஏறியது. நாட்டியச் சட்டைக்கு அக்குளில் ஒரு சதுரத் துண்டு வைப்போம். புதுக் கோட் வெட்டி அதற்கும் அப்படியே வைத்தேன். பிரெஞ்சில் அக்குளுக்குச் சொல் தெரியாமல் தொட்டுக்காட்டி விளக்கியதை நினைத்தால் இப்போதும் வெட்கம்தான்.

பிறகு ஓர் ஒபெரா அரங்கில் அவருக்கு உதவி நடத்துநர் வேலை கிடைத்தது. ஒத்திகை எல்லாம் அவர், மேடையில் மட்டும் தலைமை நடத்துநரான பெரியவர். ஒரு சனிக்கிழமை காலை ஓடி வந்தார். பெரியவருக்குச் சுகமில்லை, நாளை பிற்பகல் ஒபெராவை எலேனே நடத்த வேண்டும். கோட்டோ பூட்டவில்லை. வயிற்றில் பிள்ளை, ஐந்து மாதம். அரங்கில் யாருக்கும் சொல்லவில்லை; இன்று சொன்னால் வேறு ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள் என்றார்.

சேலைச் சட்டை தைக்கிற எவளும் பக்கத் தையலுக்குள் துணி விடாமல் வெட்ட மாட்டாள். பழக்கதோஷத்தில் கோட்டுக்கும் விட்டிருந்தேன். பிரித்துத் தைத்தேன்.

“தங்கச்சி, கையை நல்லாத் தூக்கச் சொல்லு,” என்றார் ராசன் அண்ணை. “இஞ்சை கிழிஞ்சால் பரவாயில்லை, அங்கை கிழியக்கூடாது.”

எலேன் நூல் அலுமாரியின் முன் நின்று, வாய்க்குள் முணுமுணுத்தபடி கடைசிக் காட்சியை முழுதாக நடத்தினார். தையல் பிரியவில்லை. முடிந்ததும் திரும்பவும் அதே காட்சியைத் தொடங்கினார். கையைப் பிடித்துக்கொண்டு, பயமா என்று கேட்டேன்.

“ஓம்,” என்றார், எங்களிடம் பழகிய தமிழில்.

அவர் தந்த டிக்கெட்டில் மேல்மாடியில் இருந்தேன். பக்கத்தில் எல்லோரும் பாடகிக்காக அழுதார்கள். நான் மூன்று மணித்தியாலமும் எலேனின் கோட் அக்குளைத்தான் பார்த்தேன். முடிந்ததும் எலேன் திரும்பி வணங்கினார். ஒரு கை வயிற்றில் இருந்தது. மறைக்கவேயில்லை. வாத்தியக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அதன்பின் எலேனுக்கு லியோன், பிறகு ஜெர்மனி என்று ஊர் ஊராக அழைப்பு வந்தது. கடையை மூடிவிட்டு நாங்களும் கலைந்தோம். ராசன் அண்ணை பிள்ளைகளோடு வில்லியே லே பெல் என்ற புறநகருக்குப் போனார். நான் சென் தெனியில் ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன்.

தையற்கடை இருந்த இடத்தில் இப்போது ஃபோன் கடை. போன கிழமை உள்ளே போய்ப் பேச்சுக் கொடுத்தேன். கடை தொடங்கிய புதிதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சின்னப் பிள்ளையோடு வந்து, தைக்கிற அக்கா எங்கே என்று கேட்டதாகக் கடைக்காரர் சொன்னார். கொஞ்ச நேரம் வாசலில் நின்றுவிட்டுப் போனாராம்.

“நீங்கள் ஆரெண்டு எனக்கு அப்ப தெரியாது, அக்கா.”

ஒரு காலத்தில் அந்தத் தெருவில் எந்தக் கடையில் கேட்டிருந்தாலும் என்னிடம் கூட்டிவந்து விட்டிருப்பார்கள்.