நாட்டுக்கு ஒரு வேளை

பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். தலைப்பையும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: போர்க்காலப் பிரதமரின் வாழ்க்கையும் பணியும். மலையாளச் சீமையில், இந்த ஸ்ரீவராகத்தில் எங்கள் தமிழ்த் தெருக்காரர்கள் நடத்தும் சங்கம் வருஷத்துக்கு ஒரு தலைவரை எடுத்து, படத்துக்கு மாலை போட்டு, வடை காபியோடு முடித்துக்கொள்ளும். இந்த வருஷம் அவருடைய முறை. முப்பது வருஷம் அரசாங்க ஆபீஸில் ஃபைல் தள்ளிவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மேடைப் பேச்செல்லாம் பழக்கமில்லை. ஆனால் இந்த ஒரு மனிதரைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மற்ற வீட்டுக் குழந்தைகள் ராமாயணம் கேட்டு வளர்ந்தார்கள். நான் அவர் கதையைக் கேட்டு வளர்ந்தேன்.

அப்பா சொல்லிச் சொல்லி மனப்பாடமானது. ஏழை வீட்டில் பிறந்தார், ஆள் குள்ளம், சுதந்திரத்துக்காக ஜெயிலுக்குப் போனார், மந்திரியானார், எங்கோ ஒரு ரயில் கவிழ்ந்ததற்குத் தானே பொறுப்பு என்று பதவியைத் தூக்கிப் போட்டார். பிறகு பிரதமரானார். ஆன கொஞ்ச காலத்தில் யுத்தம் வந்தது. எல்லையில் குண்டு, ஊருக்குள் அரிசிப் பஞ்சம். அப்போதுதான் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று நாட்டு மக்களைக் கேட்டார். முதலில் தன் வீட்டில் செய்து பார்த்துவிட்டுத்தான் கேட்டாராம். இந்த இடம் வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நின்றுகொண்டுதான் சொல்வார். அந்த வீட்டில் பட்டினி கிடந்து பார்த்தது யார் யார் என்று எனக்குக் கேட்கத் தோன்றும். கேட்டதில்லை.

எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா ரேடியோவை அணைத்துவிட்டு எழுந்து நின்று, இனி இந்த வீட்டில் திங்கட்கிழமை ராத்திரி சாப்பாடு கிடையாது என்று அறிவித்தார். குழந்தை என்பதால் எனக்கு மட்டும் பதினைந்து வயது வரை விலக்கு. சாதாரண குமாஸ்தாதான், ஆனால் அன்றைக்கு அவர் நின்ற நிற்பைப் பார்த்தால் எல்லைக்கே கிளம்புகிறவர் மாதிரி இருந்தது.

சிக்கல் என்னவென்றால், திங்கட்கிழமை ராத்திரி அம்மா ஏற்கெனவே சாப்பிடுவதில்லை. சோமவார விரதம். பகலில் ஒரு வேளை, ராத்திரி ஒரு டம்ளர் மோர், அவ்வளவுதான். அம்மா அதைச் சொன்னாள். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, "அது சுவாமிக்கு. சுவாமிக்குக் குடுத்ததையே நாட்டுக்கும்னு கணக்குக் காட்டப்படாது. நீ வேற நாள் பாத்துக்கோ" என்றார்.

அம்மாவின் வாரத்தில் வேறு நாள் தேடுவது லேசான காரியமில்லை. திங்கள் சிவனுக்கு. வெள்ளி அம்பாளுக்கு. சனி பெருமாளுக்கு. இது போக ஏகாதசி, சஷ்டி, பிரதோஷம். கடைசியில் வியாழக்கிழமை அகப்பட்டது. ஏகாதசி வியாழனில் வந்துவிட்டால் நாட்டுக்கு உரியது முந்தின நாளே போய்விடும், அதாவது புதனுக்கு. இந்த விதியை அப்பா காலண்டரில் பென்சிலால் குறித்து வைப்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இனி அப்பாவின் திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும். எங்கள் தெருக்களில் விரதம் என்றால் சாதம் சாப்பிடக் கூடாது என்று அர்த்தம். பலகாரம் சாப்பிடலாம். சாதம்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் சாப்பாட்டுக் கணக்கில் வராது. ஆகவே நாட்டுக்காகச் சாப்பாட்டைத் தியாகம் செய்த அப்பா திங்கட்கிழமை ராத்திரி ஏழரைக்கு அரிசி உப்புமா சாப்பிட்டார். நெய் விட்டு, கத்தரிக்காய் கொத்ஸு தொட்டுக்கொண்டு. அரிசியை நொய்யாக உடைத்துவிட்டால் அது அரிசி இல்லையாம். பிரதமர் மிச்சம் பிடிக்கச் சொன்ன அதே அரிசி அவர் வயிற்றுக்குள் போவதை அவரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. ஏமாற்ற வேண்டும் என்று செய்தாரா என்றால் இல்லை, சத்தியமாக இல்லை. தான் பட்டினி என்று மனசார நம்பினார்.

உப்புமா கிளறியது அம்மா. அவளும் அன்றைக்கு விரதம்.

வியாழக்கிழமையோ, நானும் அப்பாவும் வழக்கம்போல ராத்திரி சாதம் சாப்பிடுவோம். ஒருத்திக்காக மட்டும் தனியாகப் பலகாரம் பண்ணுவானேன் என்று அம்மா எங்களுக்குப் பரிமாறிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துவிடுவாள். பொரித்த அப்பளத்தில் அவள் பங்கு எனக்கு வரும். எனக்கு வியாழக்கிழமை ரொம்பப் பிடிக்கும். இதை எழுதக் கூசுகிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

யுத்தம் நின்றது. சில மாதத்தில் வெளிநாட்டில் சமாதானப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கையோடு அந்த மனிதர் இறந்து போனார். அப்பா மூன்று நாள் சவரம் செய்துகொள்ளவில்லை. ஊரும் உலகமும் திங்கட்கிழமை ராத்திரி பழையபடி சாப்பிட ஆரம்பித்தன. எங்கள் வீட்டில் மட்டும் தொடர்ந்தது. ஆரம்பிக்கச் சொன்னவர் நிறுத்தச் சொல்லாமல் போய்விட்டார், நாமாக எப்படி நிறுத்துவது என்பது அப்பாவின் வாதம். வாதத்தில் ஓட்டை கண்டுபிடிக்க யாராலும் முடியவில்லை.

பதினைந்து வயது முடிந்த அடுத்த திங்கட்கிழமை, இனி நீயும் என்றார் அப்பா. நான் முடியாது என்றேன். யுத்தம் முடிந்து எட்டு வருஷமாகிறது, எனக்குப் பசிக்கிறது என்றேன். தட்டை எடுத்துப்போட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்தேன். அம்மா எனக்குத் தயிர் சாதம் போட்டாள், ஊறுகாயும் வைத்தாள். அப்பா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எனக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. அன்றைக்கு நான் பெரிய வீராங்கனை என்று நினைத்துக்கொண்டேன். எனக்காகச் சண்டை போடத் தெரிந்த எனக்கு, பரிமாறியவளுக்காகவும் போடலாம் என்று தோன்றவில்லை.

அப்பா போய் இருபது வருஷமாகிறது. கடைசித் திங்கட்கிழமை வரை உப்புமாதான். அம்மாவுக்கு இப்போது எண்பத்தேழு. விரதங்களை ஒவ்வொன்றாக டாக்டர் நிறுத்த வைத்தார். சர்க்கரை மாத்திரை போட்டால் ராத்திரி கட்டாயம் சாப்பிட வேண்டும். சிவனிடமும் அம்பாளிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அதையெல்லாம் விட்டாள். வியாழக்கிழமையை மட்டும் விடவில்லை. போன வருஷம் ஒரு வியாழன், மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினியாக இருந்தவள் சமையலறை வாசலில் தலைசுற்றி விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டாள். நாலு தையல்.

"அம்மா, யுத்தம் முடிஞ்சு அறுபது வருஷமாச்சு" என்றேன்.

"நிறுத்துன்னு யாரும் சொல்லலையே."

"நான் சொல்றேன்."

"சொல்றதுக்கு நீ யாருடி?"

சிவனிடம் கேட்டுக்கொள்ளலாம், செத்துப்போன பிரதமரிடம் எப்படிக் கேட்பது? நானும் டாக்டரும் மாறி மாறிச் சொல்லிப் பார்த்தோம். நகரவில்லை. ஒவ்வொரு வியாழனும் ராத்திரி எழுந்து எழுந்து போய் அவளைப் பார்த்துவிட்டு வருவேன்.

இந்த நிலைமையில்தான் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்கு வந்தான். எதிர் வீட்டுப் பிள்ளை, நாற்பது வயதிருக்கும், பாங்கில் வேலை, நல்லவன். விழாவில் அப்பாவைக் கௌரவிக்கப் போகிறார்களாம். நாற்பது வருஷம் நாட்டுக்காக ஒரு வேளை உணவைத் துறந்த தேசபக்தர் என்று மலையாளத்திலும் தமிழிலும் எழுதின பித்தளைப் பலகை. போனில் படம் காட்டினான்.

"இதுல அம்மா பேர் எங்கே?" என்றேன்.

"மாமியோடது விரதமல்லே மாமி?" என்றான். "அது எல்லா ஆத்துலயும் பொம்மனாட்டிகள் இருக்கறதுதானே. மாமாவோடது வேற காரியமாக்கும். அது ராஜ்யத்துக்கு."

"அம்மாவும் ராஜ்யத்துக்குத்தான் இருந்தா. இப்பவும் இருக்கா."

"ஐயோ மாமி, பலகை அடிச்சாச்சே. அடுத்த கொல்லம் நமக்குச் சரியாக்கலாம்."

எண்பத்தேழு வயசுக்காரிக்கு அடுத்த வருஷம் சரியாக்குகிறானாம். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் போனைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன். செய்யவில்லை. பத்து நிமிஷம் என்னுடையது அல்லவா, அதில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். விழா என்றைக்கு என்று கேட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி என்றான்.

கோயில் பக்கத்து மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். அம்மாவைச் சக்கர நாற்காலியில் முன்வரிசையில் வைத்தேன். மேடையில் பிரதமரின் படம், பக்கத்தில் அப்பாவின் படம், இரண்டுக்கும் ஒரே அளவு மாலை. நான் எழுந்து ஏழு நிமிஷத்தில் அவர் வாழ்க்கையைச் சொல்லி முடித்தேன். நல்லவர், நாணயமானவர், அவர் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்றும் சொன்னேன். மிச்ச மூன்று நிமிஷத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தேன். அரிசி உப்புமா என்றதும் சபை சிரித்தது. நெய், கொத்ஸு என்றதும் இன்னும் சிரித்தது. அவர்கள் வீட்டிலும் அதே உப்புமாதானே. பிறகு வியாழக்கிழமையைச் சொன்னேன். அப்பளத்தைச் சொன்னேன். நாலு தையலைச் சொன்னேன். "இந்தத் தெருவில் அந்தப் பிரதமர் கேட்டதை உண்மையில் கொடுத்தவள் ஒருத்திதான். அவள் பேர் பலகையில் இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். யாரும் கைதட்டவில்லை.

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அப்பாவைச் சபையில் வைத்து இப்படிச் சொல்லிவிட்டாயே என்று இனி என்னோடு பேசமாட்டாள் என்று நினைத்தேன். பயமாக இருந்தது. ஆனால் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்பப் பெற எனக்கு மனசில்லை.

செயலாளர் நிலைமையைச் சமாளிக்கப் பார்த்தான். மைக்கை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் வந்து குனிந்தான். "மாமிக்கு அந்தப் பசியொண்ணும் தெரிஞ்சிருக்காது, இல்லியா மாமி? அப்படிப்பட்ட மனசல்லே இது" என்றான். ஆமாம் என்று அவள் தலையை ஆட்டினால் போதும். எல்லோரும் கைதட்டிவிட்டு வடைக்குப் போயிருப்பார்கள்.

அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"தெரிஞ்சுது" என்றாள். "சுவாமிக்கு இருந்தாப் பசிக்காது. அது நானா இருந்தது. இதுக்குப் பசிச்சுது. எல்லா வியாழக்கெழமையும் பசிச்சுது."

இவ்வளவுதான் பேசினாள். அறுபது வருஷமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, உனக்குப் பசிக்கிறதா என்று நான் அவளை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. நிறுத்து, நிறுத்து என்று அதட்டத்தான் தெரிந்தது. கேட்டவன் அவன். அவனும் இல்லை என்ற பதிலுக்காகத்தான் கேட்டான்.

அவன் முகம் சிவந்துவிட்டது. பாவம், கெட்டவன் இல்லை. ஓடிப்போய் ஒரு தட்டில் இரண்டு வடை வைத்துக்கொண்டு வந்து நீட்டினான். "சாப்பிடுங்கோ மாமி."

அம்மா தட்டைப் பார்த்தாள். "இது பலகாரம். இதை எப்ப வேணும்னாலும் திங்கலாம். எனக்குச் சாதம் வேணும்" என்றாள்.

"ஆத்துக்குப் போயி..." என்று நான் ஆரம்பித்தேன்.

"இங்க" என்றாள். "இவா ரெண்டு பேர் முன்னாடியும்." படங்களைக் கையால் காட்டினாள்.

மண்டபத்தில் சாதத்துக்கு எங்கே போவது? செயலாளர் செருப்புகூடப் போட்டுக்கொள்ளாமல் தன் வீட்டுக்கு ஓடினான். பத்து நிமிஷம் ஆயிற்று. அதுவரை ஒருவரும் வடையைத் தொடவில்லை, கிளம்பவுமில்லை. எவர்சில்வர் தட்டில் சாதமும் ஒரு கிண்ணம் ரசமும் எடுத்துக்கொண்டு வந்தான். நான் பிசைந்து ஊட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். அம்மா என் கையை ஒதுக்கிவிட்டாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, ரசத்தை விட்டுத் தானே பிசைந்தாள். பருக்கைகள் புடவையில் விழுந்தன. அவள் அவசரப்படவில்லை. மாலை போட்ட படங்களுக்கு எதிரில், அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, வழித்துச் சாப்பிட்டாள். எனக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்ளவில்லை, வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

பித்தளைப் பலகையை யாரும் எங்களிடம் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அம்மா தட்டை அவனிடம் நீட்டி, இன்னும் கொஞ்சம் சாதம் இருக்கா என்று கேட்டாள்.