மடியில் தின்னும் கோழி

மயில்சாமிக்குக் கோழிகளைப் பிடிக்காது. கோழிகளுக்கும் மயில்சாமியைப் பிடிக்காது. இருபது வருசமாக இந்த ஏற்பாடு தகராறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவன் லாரி ஓட்டுகிறவன். பத்துப் பதினைந்து நாளைக்கு ஒருதரம் ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருக்கிற தோட்டத்து வீட்டுக்கு வருவான். குளிப்பான், தின்பான், கட்டிலில் விழுந்து பகலெல்லாம் தூங்குவான். கொல்லையில் கோழி கத்தினால் கையில் அகப்பட்ட செருப்பை எடுத்து வீசுவான். அவனுக்கும் அதுகளுக்கும் அவ்வளவுதான் பழக்கம்.

எழுபத்தேழாம் வருசம், நாக்பூருக்கு இந்தப் பக்கம் டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி வலது முழங்கால் போயிற்று. எலும்பு கூடியது, கால் மடங்கவில்லை. நீட்டின கால் நீட்டினபடியே நின்றுவிட்டது. லாரிக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீட்டோடு வந்து சேர்ந்தான். நடக்கலாம், நிற்கலாம், கட்டிலில் உட்காரலாம். தரையில் உட்காரக் கூடாது என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அது அவனாகவே எடுத்துக்கொண்ட முடிவு.

அதற்கு ரெண்டாம் வருசம் சித்திரையில் அவன் பெண்டாட்டி சௌந்திரத்துக்கு வயிற்றில் கட்டி என்று சேலத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளை இல்லாத வீடு. கூட இருந்து பார்க்க, சூரமங்கலத்தில் ரயில்வே வீட்டில் இருக்கிற அவள் அக்கா சென்னியம்மாள் வந்தாள். வீட்டில் ஒரு மாடும் ஒன்பது கோழிகளும் மயில்சாமியும் மிச்சம்.

பஸ் ஏறுமுன் சௌந்திரம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "மாட்டை நீங்க பாத்துக்குவீங்க. கோழிதாங்க கவலை. அதுலயும் புள்ளி ரோசக்காரி. ஆளு மாறுனாத் திங்க மாட்டா. நான் வாரப்ப அவ இருக்கோணும்."

சொன்னபடியே நடந்தது. மயில்சாமி கொல்லையில் நின்று கம்புத் தானியத்தை அள்ளி வீசினான். ஒன்பதும் வேலிக்கு ஓடின. கம்பைக் காக்காய் தின்றது. மற்ற எட்டும் அவன் உள்ளே போனதும் வந்து குப்பையைக் கிளறி வயிற்றை நிரப்பிக்கொண்டன. புள்ளி மட்டும் முருங்கை மரத்தில் ஏறி உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். தண்ணீருக்கு இறங்கும், ஏறிக்கொள்ளும்.

ஒருநாள் விட்டு ஒருநாள் சேலத்துக்குப் போய் வந்தான். ஆஸ்பத்திரியில் காலையில் ரொட்டி கொடுப்பார்கள். அவளுக்கு அது தொண்டையில் இறங்காது. துணியில் முடிந்து வைத்திருந்து அவனிடம் கொடுத்தாள்.

"கோழிக்குப் போடுங்க. அதுகளும் சேலத்துத் தீனி தின்னு பாக்கட்டும்."

ரொட்டியை அவன் துண்டு துண்டாகச் சுழற்றி வீசினான். பருந்து இறங்கின மாதிரி கோழிகள் சிதறின. பக்கத்துத் தோட்டத்து அங்கம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டினாள்.

"ஏனுங் மாமா, ரொட்டியில அடிச்சாச் சாகுதான்னு பாக்கறீங்களா?"

"உன்ற வேலையப் பாரு புள்ள."

ரொட்டி வேண்டாமென்றால் வேறு பார்ப்போம் என்று, நாமக்கல் பக்கம் வெள்ளைக் கோழிப் பண்ணை வைத்திருந்த தங்கசாமியிடம் போய்க் கருவாட்டுத் தூள் கலந்த தீவனம் கேட்டு வாங்கி வந்தான். அதைப் பூனை தின்றது. ஜவ்வரிசி ஆலையிலிருந்து மாவு எடுத்து மிஞ்சின கிழங்குச் சக்கை, திப்பி, ஒரு சாக்கு கொண்டுவந்தான். அதை மாடு தின்றது.

"பூனைக்கும் மாட்டுக்கும் யோகமுங்க," என்றாள் அங்கம்மாள். "கோழிக்கு எப்பங்க?"

அவன் அண்ணாந்து முருங்கையைப் பார்த்தான். புள்ளியின் கொண்டை வெளுத்துப்போயிருந்தது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள்தான் சௌந்திரம் வாய் திறந்து பேசினாள். குரல் நூல் மாதிரி வந்தது.

"புள்ளி தின்னாளா?"

"திங்கறா."

"ரொட்டி?"

"ரொட்டின்னா உசுரு. என்ற கையிலயே கொத்தித் திங்கறாளே."

அவள் தலையை அவன் பக்கம் திருப்பினாள். அப்புறம், "கையில அவ எப்பவும் தின்னதில்லைங்க. மடியிலதான் திம்பா," என்றாள்.

மயில்சாமி ஜன்னலைப் பார்த்தான். எத்தனையோ செக்போஸ்ட்டில் எத்தனையோ பொய் சொன்னவன். ஒன்றிலும் இப்படி மாட்டினதில்லை.

"எங்கீங்க இருக்கறா?"

"முருங்கையில. எட்டு நாளா."

அழுவாள் என்று நினைத்தான். அவள் வயிற்றைக் கையால் அமுக்கிக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, தையல் இழுக்குது. நின்னுக்கிட்டு வீசுனீங்களா?"

"பின்ன?"

"இருபது வருசமா செருப்பு வீசுன கையிங்க அது. என்ன வீசுனாலும் செருப்புன்னுதான் ஓடும். உக்காருங்க."

"காலு?"

"நீட்டிக்கிட்டு உக்காருங்க. நீங்க சம்மணம் போட்டாத்தான் வருவேன்னு கோழி சொல்லுச்சா?" மூச்சு வாங்கிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "புதுசை மட்டும் வெச்சாத் தொடாது. பழகுன கம்பு ஒரு புடி. அதுக்குள்ள ரொட்டியப் பொட்டுப் பொட்டாக் கிள்ளிப் போட்டு மடியில வெச்சுக்குங்க. கூப்பிடாதீங்க. அதையே உத்துப் பாக்காதீங்க. வேற எங்கியாச்சும் பாருங்க."

அன்று சாயங்காலம் மாடு கட்டுகிற முளைக்குச்சியைப் பிடித்துக்கொண்டு மயில்சாமி தரைக்கு இறங்கினான். இறங்கினான் என்று சொல்வது மரியாதைக்கு. விழுந்தான். காலை நீட்டி, வேட்டி மடியில் கம்பையும் ரொட்டியையும் வைத்துக்கொண்டு, தென்னை மரத்தைப் பார்த்தபடி இருந்தான். கீழே உட்கார்ந்து பார்த்தால் கொல்லை வேறு இடமாகத் தெரிந்தது. சௌந்திரம் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பான மண் ஒரு முறம் அகலத்துக்கு அங்கே இருந்தது. வெங்காயம் உரித்ததும் கம்பு புடைத்ததும் இங்கேதான் போலிருக்கிறது. தன் வீட்டில் இப்படி ஓர் இடம் இருப்பது அவனுக்குத் தெரியாது.

முதல் நாள் ஒன்றும் வரவில்லை. ரெண்டாம் நாள் ஒரு சின்னப் பெட்டை வந்து கம்பைக் கொத்தியது, ரொட்டியை ஒதுக்கியது. மூன்றாம் நாள் தவறிப்போய் ஒரு ரொட்டிப் பொட்டு அதன் வாயில் போயிற்று. கழுத்தைச் சாய்த்து யோசித்தது. அப்புறம் ரொட்டியை மட்டும் பொறுக்க ஆரம்பித்தது.

புள்ளி மரத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் இறங்கி வந்து, அவனைச் சுற்றிப் போய், மடங்காத காலின் பாதத்துப் பக்கம் நின்றது. மயில்சாமி தென்னையையே பார்த்தான். கால்மேல் ஏதோ ஏறியது. நகம் தோலில் பதிந்தது. முழங்காலில் உணர்ச்சி கம்மி. தொடைக்கு வந்த பிறகுதான் கனம் தெரிந்தது. ரொம்பக் கொஞ்சமாக இருந்தது. புள்ளி மடியில் குனிந்து கொத்தியது.

ஆஸ்பத்திரிக்குப் போன பத்தொன்பதாம் நாள் சௌந்திரத்தைக் காரில் கூட்டி வந்தார்கள். குனியக் கூடாது, தரையில் உட்காரக் கூடாது, ரெண்டு மாசத்துக்கு. அவள் நேரே கொல்லைக்குத்தான் போனாள். புள்ளி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ரெண்டு அடி பின்வாங்கியது. நிற்கிற சௌந்திரத்தை அது அவ்வளவாகக் கண்டதில்லை. அவள் முகம் சுண்டியது.

"நிக்காதே புள்ள," என்றான் மயில்சாமி. "நின்னாச் செருப்புன்னு நெனைக்கும்." கட்டிலை இழுத்துவந்து போட்டு அவளை உட்கார வைத்தான். முளைக்குச்சியைப் பிடித்துக் கீழே இறங்கிக் காலை நீட்டி, கட்டிலில் சாய்ந்துகொண்டான். கம்பும் ரொட்டியும் மடியில்.

புள்ளி காலேறி வந்தது. ரெண்டு கொத்துக் கொத்தியது. மேலே பார்த்தது. அவன் தோளில் தொங்கிய அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தது. பிறகு அங்கேயே, அவன் தொடைமேல், இறகைத் தளர்த்திக்கொண்டு படுத்துவிட்டது.

வெகுநேரம் போயிற்று.

"எந்திரிங்க," என்றாள் சௌந்திரம். "மாடு கத்துது."

"கத்தட்டும். இது எறங்கட்டும்."