மெதுவாகப் போகத் தெரியாத மோட்டார்

எங்கள் மருமகன் இன்னாசியைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால், முதலில் அவர் சோறு தின்கிற வேகத்தைச் சொல்ல வேண்டும். நான் குழம்பை ஊற்றிவிட்டு ரசச் சட்டியை எடுக்கத் திரும்புவேன். அதற்குள் மனுசன் கை கழுவியிருப்பார். ரசம் எப்படி என்று கேட்டால், "நல்லா இருந்துச்சு அத்தை" என்பார். ஊற்றவே இல்லையே என்று நான் சொல்வதில்லை. மருமகன் பாருங்க, மரியாதை இருக்கு.

நடையும் அப்படித்தான், பேச்சும் அப்படித்தான். படகு மட்டும் வேறு மாதிரியா இருக்கும்? கோட்டைப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் குப்பம். கரைக்கு வரும்போது மற்றவர்கள் மோட்டாரைத் தணித்து, நிற்கிற படகுகளுக்கு நடுவே பூனை மாதிரி நுழைவார்கள். இன்னாசி முழு வேகத்தில் வந்து, கடைசி நேரத்தில் மோட்டாரை அணைத்துத் தூக்கிவிட்டு, மணலில் சர்ரென்று ஏற்றுவார். மீன் பிரிக்கிற பொம்பளைகள் "இன்னாசி வாராரு" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதை அவர் மரியாதை என்று நினைத்திருந்தார்.

இப்படிப்பட்ட அவசரக்காரருக்குப் பக்தியில் மட்டும் நிதானம். வருசா வருசம் மாதா திருவிழாவில் சாமியார் கடற்கரைக்கு வந்து படகு, வலை, பெட்ரோல் கேன் எல்லாவற்றுக்கும் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். மறுநாள் எல்லாரும் அந்தப் பெட்ரோலை ஊற்றிக்கொண்டு தொழிலுக்குப் போய்விடுவார்கள். இன்னாசி மட்டும், "மந்திரிச்சதை ஒரே நாள்ல எரிச்சுப்புடறதா?" என்று, ஆயில் கலந்த அந்தப் பெட்ரோலை மாதா படத்துக்குப் பக்கத்து அலமாரியில் வைத்துவிட்டார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வெயில் காலத்தில் அடுப்பு மாதிரி காயும். தினமும் ஒரு கரண்டி எடுத்துப்போய் டேங்கில் ஊற்றிவிட்டுத்தான் படகைத் தள்ளுவார். பெட்ரோல் இருக்கிற இடத்தில் மெழுகுவத்தி ஏற்ற முடியுமா? அதனால் எங்கள் வீட்டு மாதாவுக்கு மட்டும் சின்ன பல்பு.

இந்த வருசம் அவருக்குச் சீட்டு விழுந்தது. திருவிழா சாயங்காலம் மாதா சொரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலோரமாக முனை வரைக்கும் கொண்டுபோய் வர வேண்டும். அதற்கு யார் படகு என்று ஊரில் சீட்டுப் போடுவார்கள். இன்னாசியின் அப்பா சாகிற வரைக்கும் காத்திருந்தும் விழாத சீட்டு அது. கரையில் சனம் செபமாலை சொல்லிக்கொண்டு நடக்கும். படகு அந்த நடைக்குத்தான் போக வேண்டும். நடுவில் மோட்டார் நின்றால் சொரூபத்தை அடுத்த படகுக்கு மாற்றிவிடுவார்கள். நின்ற படகுக்காரன் பேரை அதற்கப்புறம் சீட்டில் எழுதவே மாட்டார்கள்.

மருமகன் சந்தோசமாக ஒத்திகை பார்க்கப் போனார். வேகத்தைக் குறைத்தார். மோட்டார் இருமியது, உதறியது, செத்தது. மறுபடியும் இழுத்துக் கிளப்பினார். முழு வேகத்தில் வண்டு மாதிரிப் பறக்கிறது, குறைத்தால் சாகிறது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். தெரியாது என்றார். மெதுவாகப் போகிற பழக்கமே இல்லாத மனுசனுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த படகு மரியசெல்வத்துடையது. புது மோட்டார் வாங்கியிருந்தான். கரையில் எல்லார் முன்னாலும் கேட்டான்: "மச்சான், மாதாவுக்கு நீச்சல் தெரியுமான்னு கேட்டு வச்சுக்கவா?"

அன்றைக்கு மருமகன் ரசம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். எனக்கே பயமாகிவிட்டது.

கோட்டைப்பட்டினத்தில் மோட்டார் வேலை பார்க்கிறவர் சீனி பாய். சொந்தப் படகு வைத்திருக்கிற யாரையும் சம்மாட்டி என்றுதான் கூப்பிடுவார். முதலில் பிளக்கை மாற்றினார். அடுத்து பெட்ரோல் வருகிற ட்யூப் எங்காவது காற்று இழுக்கிறதா என்று பார்த்து, அதையும் மாற்றினார். ரெண்டுக்கும் அடங்கவில்லை. அப்புறம் கார்ப்ரேட்டரைப் பிரித்தார்.

"சம்மாட்டி, வேகமாப் போறதுக்குப் பெட்ரோல் வர்ற ஓட்டை பெருசு. மெதுவாப் போறதுக்குத் தனியா ஒரு ஊசிக்கண்ணு இருக்கு. அது அடைச்சுருக்கு. பிசின் மாதிரி என்னமோ ஒட்டியிருக்கு பாருங்க."

கழுவி, ஊதி, மாட்டினார். கடையில் தண்ணீர் டிரம்மில் விட்டு ஓட்டினால் டுக் டுக் டுக் என்று தாலாட்டு மாதிரி ஓடியது. மறுநாள் காலை கரையில் பழையபடி செத்தது. மறுபடி தூக்கிப்போனார்கள், கழுவினார்கள், டிரம்மில் ஓடியது. கரையில் செத்தது.

"பாய்க்குக் கை போயிருச்சு அத்தை" என்றார் மருமகன். இது எப்படியோ சீனி பாய் காதுக்குப் போய்விட்டது. ரோசக்கார மனுசன். திருவிழாவுக்கு முந்தின நாள் காலையில் அவரே கரைக்கு வந்து, "என் முன்னாடி கிளப்புங்க பாப்போம்" என்று நின்றார். நானும் என் மகள் ஞானமணியும் வேடிக்கை பார்க்கப் போனோம்.

இன்னாசி சிலுவை போட்டார். அன்றைக்குக் கையோடு தூக்கி வந்த கேனைக் கவிழ்த்துக் கரண்டியில் ஊற்றினார். ஒரு வருசம் ஆகி, அடிமண்டிதான் மிச்சம்.

"அது என்ன சம்மாட்டி?"

"மந்திரிச்சது பாய்."

"எப்ப மந்திரிச்சது?"

"போன திருவிழாவுக்கு."

பாய் ஒரு சொட்டை விரலில் தொட்டார். அந்தப் பிசின் மாதிரியே விரலோடு விரல் ஒட்டியது. மோந்து பார்த்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டார்.

ஞானமணிக்குப் புரிந்துவிட்டது. "கெட்டுப்போச்சுன்னு சொல்லுங்க பாய்."

"மந்திரிச்சது கெடாதும்மா" என்றார் பாய். "பெட்ரோல்தான் கெடும். சாமி விசயம், ஊத்தாதீங்கன்னு நான் எப்படிச் சொல்றது?"

"மாதாவை ஏத்துற அன்னைக்கு இதை ஊத்தாம எடுப்பேனா? நடக்காது!" என்று குதித்தார் மருமகன்.

நான் கேனை வாங்கி மூடியைத் திருகி, கீழே வைத்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

"எந்திரிங்க அத்தை."

"மாட்டேன் மாப்பிள்ளை."

மாமியாரைக் கை தொட்டு எழுப்புகிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். வெயில் ஏறுகிற வரைக்கும் என்னைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"கேன் படகுல வரட்டும்" என்றேன். "மாதா காலடியில இருக்கட்டும். மூடியை மட்டும் தொறக்கக் கூடாது."

அரை மனசாகத் தலையாட்டினார். பாய் டேங்கைக் காலி பண்ணி, அந்த ஊசிக்கண்ணை இன்னொரு தடவை கழுவி, புதுப் பெட்ரோல் ஊற்றிவிட்டுப் போனார்.

திருவிழா சாயங்காலம் மாதா ஏறினார். காலடியில் கேனும் ஏறியது. மரியசெல்வம் உதவிக்கு என்று ஒட்டியே வந்தான். டுக் டுக் டுக். கரையில் கிழவிகள் படகை முந்தி நடந்தார்கள். மருமகன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வயிற்றுவலிக்காரன் மாதிரி இருந்தது. பிறந்ததிலிருந்து அவர் இவ்வளவு மெதுவாக எங்கேயும் போனதில்லை.

முனை திரும்புகிற இடத்தில் ஒரு அலை தூக்கியது. மோட்டார் ஒரு இருமல் இருமியது. மரியசெல்வம் நெருங்கினான். இன்னாசியின் கை கேன் மூடிக்குப் போனது. தலையைத் திருப்பிக் கரையைப் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன். கையை எடுத்துக்கொண்டார். டுக்... டுக் டுக் டுக். மோட்டார் பிடித்துக்கொண்டது. கரை வந்து சேருகிற வரைக்கும் நிற்கவில்லை.

மரியசெல்வம்தான் முதலில் வந்து மாலை போட்டான். சனமெல்லாம் மோட்டாரைத் தொட்டுக் கும்பிட்டது. மருமகன் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "கேன் படகுல இருந்துச்சுல்ல, அதான். இல்லாட்டி முனையிலேயே நின்னுருக்கும்."

பக்கத்தில் பாயசம் குடித்துக்கொண்டிருந்த சீனி பாய், "ஆமா சம்மாட்டி" என்றார். நல்ல மனுசன்.

மறுநாள் சாமியார் மந்திரிக்க வந்தபோது மருமகன் இந்தத் தடவை ரெண்டு கேன் கொண்டுபோனார். "ஊத்த மாட்டேன் அத்தை, சத்தியமா. படகுல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு, சும்மா இருக்கட்டும்" என்றார்.

அலமாரியில்தான் இருக்கிறது. மாதாவுக்கு இன்னும் பல்புதான்.