கண்ணாடிக் கடையின் ஐந்தாம் அத்தியாயம்

நாற்பதைத் தாண்டிய பிறகு அவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கணவர் மட்டும் கேட்டார்.

"இப்ப எதுக்கு இது? டாக்டர்னு வாசல்ல போர்டு மாட்டினா தெருவே காய்ச்சல்னு வந்து நிக்குமே."

"வரட்டும். மாத்திரையை நீங்க குடுங்க, ஊசியை நான் போடறேன்."

அவர் ஒரு கல்லூரியில் வணிகவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரிய அறிவாளி என்று சொல்ல முடியாது. உலகத்துக்குப் புதிதாக எதையாவது கண்டுபிடித்துக் கொடுத்துவிடுவோம் என்ற எண்ணம் அவருக்கே இருந்ததில்லை. ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார், அவ்வளவுதான். அதையும் எல்லா நேரத்திலும் நற்குணம் என்று சொல்லிவிட முடியாது.

சிறு, நடுத்தர நிறுவனங்களில் டிஜிட்டல் மாற்றம் என்பது அவர் எடுத்துக்கொண்ட பொருள். ஓர் அச்சகம், ஓர் அட்டைப்பெட்டிக் கம்பெனி, ஒரு கண்ணாடிக் கடை என்று மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தார். மூன்றுமே புதிதாக மென்பொருள் வாங்கியிருந்தவை. போன இடத்திலெல்லாம் முதல் நாளே கைகூப்பி ஒரே வார்த்தையைச் சொன்னார்: "என் பட்டம் உங்க கையிலதான் இருக்கு." அச்சகத்தில் சிரித்தார்கள். அட்டைப்பெட்டிக் கம்பெனியில் வெளியே உட்காரச் சொன்னார்கள். கண்ணாடிக் கடையில் நாற்காலி போட்டார்கள்.

அந்த நாற்காலியை நினைத்தால் இப்போதும் அவருக்கு நெஞ்சு இளகும். ஒரு கால் குட்டை. அடியில் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து நிமிர்த்தியிருந்தார்கள். முன்பக்கம் கல்லாமேசை, அதைச் சுற்றிச் சுவர் முழுக்க முகம் பார்க்கும் கண்ணாடிகள். விலை கேட்க வருகிறவர் எவரும் கடைக்காரரைப் பார்த்துக் கேட்டதில்லை. தன் தலையைக் கோதிக்கொண்டே தன்னிடமே கேட்பார். பின்பக்கம் கம்பளி விரித்த வெட்டும் மேசை. மேலே கூரையில் ஒரு வெளிச்சத் துவாரம். சுவரோரம் சாய்த்து வைத்த பெரிய பெரிய கண்ணாடிகளின் ஓரங்கள் தண்ணீர்ப் பச்சையாகத் தெரியும். கட்டர் கீறிக்கொண்டு போகும் சத்தம், பிறகு ஒரு நொடி அமைதி, பிறகு 'டக்'. அந்த அமைதியில் கடையில் இருப்பவர் அத்தனை பேரும் தம்மை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் டீச்சர் என்று அழைத்த அவரும் சீக்கிரமே பழகிக்கொண்டார்.

இன்று அந்தக் கடை அங்கே இல்லை. அகலமான சாலைக்குப் போய்விட்டது. இயந்திரமே அளந்து இயந்திரமே வெட்டுகிறது. நன்றாகத்தான் இருக்கிறது. யாரும் மூச்சைப் பிடித்துக்கொள்வதில்லை.

முதலாளி அதிகம் பேசாதவர். பேசினால் அது முடிவாக இருக்கும். வெட்டும் மேசைக்காரருக்கு மில்லி என்று பெயர். வாயைத் திறந்தால் மில்லிமீட்டர்தான். தன் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டு வந்தவரிடம் பையன் எப்படி என்று கேட்டார்களாம். "கதவு உயரத்துக்கு ஒரு முந்நூறு மில்லி குறையும்" என்றாராம். கல்லாமேசையில் அக்கா. முதலாளிக்கு ஒன்றுவிட்ட அக்கா. ஆனால் கடைக்கே அக்கா. அவர் வைத்ததுதான் சட்டம்.

மென்பொருளின் ஏற்பாடு எளிமையானது. அக்கா கல்லாமேசையில் ஆர்டரைப் பதிவார். அது வெட்டும் மேசைத் திரையில் தெரியும். வெட்டி முடித்ததும் மில்லி திரையைத் தொடவேண்டும். அது ஓரம் தேய்க்கிறவருக்குப் போகும். அவர் தொட்டதும் வண்டிக்காரருக்கு. துண்டுச்சீட்டு வேண்டாம், "அந்த பாத்ரூம் கண்ணாடி என்னாச்சு?" என்ற கூச்சலும் வேண்டாம்.

டீச்சர் வாரம் தவறாமல், தனக்கு வகுப்பில்லாத அந்த ஒரு நாள் மதியம் வருவார். திரையின் பதிவுகளை எடுத்துப்போய் வரைபடமாக்குவார். வாராவாரம் திரையில் பதிவான வேலைகளின் கோடு மாடிப்படி போல ஏறிக்கொண்டே போனது. மற்ற இரண்டு இடங்களிலும் அது படுத்துக்கிடந்தது. கண்ணாடிக் கடையை வைத்து ஐந்தாம் அத்தியாயத்தை எழுதினார். நெறியாளர் படித்துவிட்டு, "உன் ஆய்வேட்டுக்கு முதுகெலும்பே இதுதாம்மா" என்றார். அவர் எளிதில் அப்படிச் சொல்கிறவர் இல்லை. டீச்சர் அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இனிப்பு வாங்கினார்.

ஒரு நாள் கல்லூரியில் மின்சாரம் போய், மதியமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போவதற்குப் பதிலாகக் கடைக்குப் போனார்.

வெட்டும் மேசைத் திரையைக் காணோம். அது இருந்த இடத்தில் மில்லியின் சாப்பாட்டு டப்பா இருந்தது. மேசைக்கு மேலே கம்பியில் துண்டுச்சீட்டுகள் கொத்தாகத் தொங்கின. கடையின் பழைய கூச்சல் முழுதும் ஒரு சுருதி குறையாமல் நடந்துகொண்டிருந்தது. திரை அக்காவின் மடியில் இருந்தது. மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, பட்டாணி உரிக்கிறவர் போல முனகிக்கொண்டே தொட்டுக்கொண்டிருந்தார். "வெட்டியாச்சு... தேய்ச்சாச்சு... அனுப்பியாச்சு... வெட்டியாச்சு..."

நிமிர்ந்தவர் பதறிப்போனார்.

"இன்னிக்கு உங்க நாள் இல்லையே டீச்சர்!"

"மாட்டிக்கிட்டியா அக்கா!" என்று உள்ளேயிருந்து மில்லி கத்தினார். "வாசல்ல ஒரு கண்ணு வைன்னு அப்பவே சொன்னேன். கேட்டாத்தானே!"

"நீ வாயை மூடு. உன்னாலதான் எல்லாம். தொடறதுக்கு உனக்கு விரல் இல்லையா?"

"விரல் இருக்கு, கிளவுஸும் இருக்கே! கழட்டி, தொட்டு, திரும்ப மாட்டறதுக்குள்ள அடுத்த கண்ணாடிய வெட்டிடுவேன்."

டீச்சர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "எத்தனை நாளா அக்கா இப்படி?"

முதலாளிதான் வந்து சொன்னார். முதல் மாதத்தோடு திரையை எல்லோரும் கைவிட்டுவிட்டார்களாம். பிறகு அக்காதான், டீச்சர் வரும் நாளுக்கு முன்னால் வாரத்து வேலையை எல்லாம் உட்கார்ந்து தொட்டு வைத்திருக்கிறாராம்.

"எதுக்கு?"

"நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, பட்டம் எங்க கையில இருக்குன்னு" என்றார் அக்கா. "இந்த வயசுல ஒரு பொம்பளை படிக்க வந்து, எங்களால ஃபெயிலாகி வீட்டுல போய் நிக்கணுமா?"

யாரிடமும் சொல்வதுபோல் சொன்ன மரியாதை வார்த்தை. அதை அந்த ஒரே கடை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டது. நாம் ஒன்றை அளக்கப் போகிறோம். அது நம்மைப் பார்த்துவிடுகிறது. பிறகு நாம் அளப்பது எதை? பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து டீச்சர் இதைத்தான் யோசித்தார். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டார்.

ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க அதிக நாள் இல்லை. நெறியாளர் கேட்டுவிட்டு நெடுநேரம் பேனாவை உருட்டினார். "அந்தக் கடையை எடுத்துடு. இல்ல, இருக்கட்டும்னு விட்டுடு. பொய் நீ சொல்லலையேம்மா."

"தெரிஞ்சப்புறம் எழுதினா நான் சொன்னதுதானே சார்?"

"அப்ப கெடுவை நீட்டிக்கக் கேட்டு, மறுபடி முதல்லேருந்து. முடிக்காமலே போனவங்க நிறைய பேரு."

"தெரியும் சார்."

கடைக்குப் போய் மூவரையும் உட்காரவைத்துச் சொன்னார். இனி எனக்காக யாரும் திரையைத் தொட வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுத அனுமதி வேண்டும். கடையின் பெயர் வராது.

"எழுதுங்க" என்றார் முதலாளி.

"என் கிளவுஸைப் பத்தியும் எழுதுங்க" என்றார் மில்லி.

அக்கா எழுந்துவிட்டார். "உங்களுக்குன்னு செஞ்சேன். அதை ஏமாத்துன்னு அச்சுல போடப் போறீங்க. போடுங்க, நல்லா போடுங்க."

அதற்குப் பிறகு டீச்சர் அந்தக் கடைக்கு வந்த மாதங்களில் அக்கா அவருக்கு டீ வைக்கத் தவறவில்லை. ஆனால் கோப்பையை மேசைமேல் வைப்பார்; முன்போலக் கையில் கொடுக்கமாட்டார். "சர்க்கரை போதுமா?" என்று கேட்கமாட்டார். கேட்காமலேயே சரியாகப் போட்டிருப்பார். அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை.

கோடு சரிந்து தரையில் விழுந்தது. ஆனால் வேறொன்று கண்ணில் பட்டது. அளவெடுக்க வீடுகளுக்குப் போகிறவர் இப்போதெல்லாம் டேப்பை ஜன்னல் சட்டத்தில் வைத்து போனில் படம்பிடித்து மில்லிக்கு அனுப்பிவிடுகிறார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை; மென்பொருளில் அதற்கு இடமும் இல்லை. சந்தேகத்துக்காக மறுபடி அளக்கப் போகும் நடை நின்றுபோயிருந்தது. டீச்சர் ஐந்தாம் அத்தியாயத்தைக் கிழித்துப் புதிதாக எழுதினார். இரண்டு கோடுகளையும் அருகருகே போட்டார். அக்கா செய்ததை, 'ஆய்வாளரின் வருகையால் பதிவுகளில் நேர்ந்த திரிபு' என்று எழுதினார். அத்தியாயம் அப்படித்தான் பேசவேண்டும் என்று நினைத்தார்.

வாய்மொழித் தேர்வு எல்லோரும் வரலாம் என்ற முறையில் நடந்தது. முதலாளியையும் மில்லியையும் அழைத்திருந்தார். அக்காவிடமும் சொன்னார், பதில் வரவில்லை. ஆனால் கடைசி வரிசையில், இருப்பதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, இருவருக்கும் நடுவில் அக்கா உட்கார்ந்திருந்தார்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெலிந்த அம்மாள். புன்னகைக்கவே இல்லை. ஐந்தாம் அத்தியாயத்தில் வெகுநேரம் நின்றார். முதல் கோடு தவறு என்று எப்படித் தெரிந்தது, தெரியாமல் போயிருந்தால் என்ன, மற்ற இரண்டு இடங்களின் கோடுகளை மட்டும் எப்படி நம்புவது? டீச்சர் தெரிந்ததைச் சொன்னார். மூன்றாவது கேள்விக்குத் தெரியாது என்றார். முன்வரிசையில் நெறியாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

பிறகு, அவையிலிருந்து யாராவது கேட்கலாம் என்றார்கள். வழக்கமாக யாரும் கேட்பதில்லை.

அக்கா எழுந்தார். "நான்தாம்மா அந்தத் திரையைத் தொட்டவ."

அவை திரும்பிப் பார்த்தது. மில்லி அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தார், அக்கா தட்டிவிட்டார்.

"நான் செஞ்சதை எழுதியிருக்கீங்க, சரி. ஏன் செஞ்சேன்னு எழுதியிருக்கீங்களா டீச்சர்?"

டீச்சர் கையிலிருந்த ஆய்வேட்டைப் பார்த்தார். "திரிபுன்னு எழுதியிருக்கேன் அக்கா."

"அது என்ன எழவோ எனக்குத் தெரியாது. ஏன் செஞ்சேன்?"

"என் மேல இருந்த பிரியத்துல." ஆய்வேட்டை மூடினார். "அது இதுல இல்ல அக்கா. விட்டுட்டேன்."

தேர்வாளர் அம்மாள் பேனாவின் மூடியைக் கழற்றினார். "பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். இவங்க கேட்டதுக்கு ஐந்தாம் அத்தியாயத்தில் பதில் இருக்கணும்."

வெளியே தாழ்வாரத்தில் நெறியாளர் தலையைச் சொறிந்தார். "பிரியம்னு ஆய்வேட்டுல எழுதினா, ஆதாரம் எங்கேன்னு கேப்பாங்களேம்மா."

"ஆதாரம்னு என்னைப் போடச் சொல்லுங்க" என்றார் அக்கா. "வேணும்னா மறுபடி வந்து எந்திரிச்சு நிக்கறேன்." பிறகு டீச்சர் பக்கம் திரும்பி, "டீ எங்கே கிடைக்கும் இங்க? காலையிலேருந்து எதுவும் குடிக்கலை நீங்க. முகத்தைப் பார்த்தாலே தெரியுது" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.