இன்னொரு ஃபில்டர்

மாதத்தின் முதல் ஞாயிறன்று படுக்கையறை ஏசியின் ஃபில்டரைக் கழுவி, அதை நாட்குறிப்பில் எழுதிவைப்பது என் வழக்கம். அப்படியிருந்தும் என் மனைவிக்கு இருமல் தீரவில்லை. அவள் தைக்கும் துணியின் தூசுதான் காரணம் என்று முடிவுசெய்து, தையல் மெஷினை ராசிபுரத்தில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. இருமல் மட்டும் நிற்கவில்லை.

கோடையில் ஏசி சரியாகக் குளிராததால் மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் மூடியைத் திறந்து, இடது பக்கத்திலிருந்து கம்பளிபோல் தூசு படிந்த ஒரு வலையை உருவினார்.

"ஏனுங்க சார், இதைக் கழுவறதே இல்லீங்களா?"

"மாசாமாசம் கழுவறனே!" என்று நாட்குறிப்பை நீட்டினேன்.

"நீங்க கழுவறது வலது பக்கத்து ஃபில்டருங்க. இதுல ரெண்டு இருக்குதுங்க."

நான் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லையே!

கதவோரம் நின்ற மனைவி கேட்டாள்: "அப்ப என்ற தையல் மெஷின் எப்பங்க வரும்?"

"நாளைக்கே" என்றேன்.

மெக்கானிக் போனபின், மெஷினை அனுப்பிய நாளின் பக்கத்தைப் புரட்டினேன். 'அவளுக்கும் சம்மதம்' என்று எழுதியிருந்தேன். அவள் எப்போது அப்படிச் சொன்னாள் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.