பால் பம்ப் விற்ற ஷெர்லீன்

பாச்சாங்கில் பாட்ரீசியா நடத்தும் குழந்தைப் பொருள் கடைக்கு வரும் கர்ப்பிணிப் பெண்களில் பாதிப் பேர் கதவைத் தள்ளியதும் "ஷெர்லீன் இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். அக்கா வாங்கியிருப்பாள், அவள் தங்கையிடம் சொல்லியிருப்பாள், தங்கை வேலையிடத் தோழியிடம் சொல்லியிருப்பாள். அப்படியே பெயர் பரவிவிட்டது.

ஷெர்லீன் மெர்லிமாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். பள்ளியில் எஸ்.பி.எம். தேர்வு முடித்து இரண்டு ஆண்டுகள் தொழிற்சாலை ஒன்றில் நின்றே கால் வீங்கிப்போய், பிறகு இந்தக் கடைக்கு வந்தாள். அப்போது வயது இருபத்தொன்று. தாய்ப்பால் என்றால் என்ன தெரியும் அவளுக்கு? பெட்டிகளின் பின்னால் பொடி எழுத்தில் இருந்ததையெல்லாம் படித்தாள். வாங்கிப்போன பெண்கள் திரும்பி வந்து சொன்ன குறைகளைக் கேட்டு மனத்தில் வைத்துக்கொண்டாள்.

"முதல் பிள்ளையா? பயப்படாதீங்க. மொதல்ல பிரா ரெண்டு வாங்குங்க. இப்ப போடுற சைஸ் வாங்காதீங்க, பால் எறங்குனா பத்தாதுலா. பால் கசியாம உள்ள வைக்கிற பேட் துணியிலேயே வாங்குங்க, தொவச்சிப் போட்டுக்கலாம். பம்ப் இப்பவே வேணாம். பிள்ள பொறந்து, மார்ல நல்லா குடிக்கப் பழகட்டும், அப்புறம் வாங்க."

கடைசி வாக்கியம் பாட்ரீசியாவுக்குப் பிடிக்காது. "அப்புறம் வர்றவ ஆன்லைன்ல வாங்கிட்டுப் போயிடுவா. கையோட குடுத்து அனுப்பு" என்பாள். ஷெர்லீன் தலையாட்டுவாள். ஆனாலும் ஆளைப் பார்த்துச் சொல்லத்தான் செய்வாள்.

இப்படி ஏழு ஆண்டுகள். நடுவில் பிரான்க்ளினைத் திருமணம் செய்துகொண்டாள். அவன் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவன். மூன்று ஆண்டுகள் பிள்ளை இல்லை. மற்றவர்களுக்குத் தாய்ப்பால் சேமிக்கும் பை எடுத்துக் கொடுக்கும்போது, "ஒங்களுக்கு எத்தன பிள்ளைங்க?" என்று கேட்பார்கள். சிரித்துவிட்டு விலைச் சீட்டைக் காட்டுவாள்.

நான்காம் ஆண்டு கருத்தரித்தபோது கடையே கொண்டாடியது. அவள் விடுப்பில் போகும் கடைசி நாளன்று, வாடிக்கையாளர்கள் நிறைந்திருந்த நேரம் பார்த்து, பாட்ரீசியா ஒரு பெட்டியை நீட்டினாள். மின்சாரப் பம்ப், இரட்டைப் புனல், மேலே ஊதா ரிப்பன்.

"நம்ம கடைப் பிள்ளைக்கு நம்ம கடைப் பம்ப்!" என்று கட்டிப்பிடித்துப் படம் எடுத்தாள். அன்று மாலைக்குள் படம் கடையின் இணையப் பக்கத்தில் ஏறிவிட்டது. ஷெர்லீன் உண்மையாகவே அழுதாள். இவ்வளவு விலையுள்ள பரிசை அவளுக்கு யாரும் தந்ததில்லை.

பெண் குழந்தை பிறந்தது. மெரிசா என்று பெயர் வைத்தார்கள். முதல் வாரம் ஷெர்லீன் பட்ட பாடு கொஞ்சமில்லை. குழந்தை மார்பைப் பிடிக்கவில்லை. காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் தன் பிள்ளையின் வாயைப் பார்த்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்த கிளினிக் நர்ஸ், ஒரு மலாய்க்காரப் பெண், எதையும் வாங்கச் சொல்லவில்லை. முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்தாள். குழந்தையைத் திருப்பி வயிற்றோடு வயிறு ஒட்ட அணைக்கவைத்தாள். வாய் பெரிதாகத் திறக்கும்வரை காத்திருக்கச் சொன்னாள். மூன்றாம் முறையில் மெரிசா பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு பால் தாராளமாக வந்தது. ஏழு ஆண்டுகளாகத் தான் விற்ற சாமான்களில் பாதி தேவைப்படவே இல்லை என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. களிம்பு, துணிப் பேட், பழைய மென்துணி நாலைந்து, ஒரு பெரிய தண்ணீர்ப் போத்தல். அவ்வளவுதான். பம்ப்பை ஒருநாள் வைத்துப் பார்த்தாள். அரைமணி நேரம் இரைந்தது, அடியில் கொஞ்சம்தான் சேர்ந்தது. கையால் பிழிந்தால் அதைவிட அதிகம் வந்தது. தன் உடம்புதான் பம்ப்புக்கு ஒத்துவரவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

சட்டப்படி தொண்ணூற்றெட்டு நாள் விடுப்பு. அறுபத்தைந்தாம் நாள் பாட்ரீசியா கூப்பிட்டாள்.

"ஷெர்லீன், உன்னைக் கேட்டுத்தான் எல்லாரும் வர்றாங்க. ருக்கையா ஒரு ஆளு எப்பிடிச் சமாளிப்பா? வந்துடும்மா. நம்ம கடை மாதிரி வேற கடை இருக்கா சொல்லு, பால் குடுக்குற அம்மாவுக்கு?"

எழுபதாம் நாள் போனாள். விட்டுக்கொடுத்த நாள்களுக்கு ஈடாகப் பின்னால் வேறு விடுப்புத் தருவதாகப் பேச்சு. அது பேச்சோடு போயிற்று.

மெரிசாவைப் பிரான்க்ளினின் அக்கா பமேலாவிடம் விட்டுவிட்டு, மெர்லிமாவிலிருந்து மோட்டார் சைக்கிளில் வர வேண்டும். கிளம்பும் முன் பால் கொடுத்துவிடுவாள். பையில் பம்ப், பால் பைகள், குளிர்ப்பெட்டி, உறைந்த ஐஸ் பேக் மூன்று. கடையில் இரண்டு தடவை பால் எடுத்தால் அடுத்த நாளைக்குப் போதும் என்பது கணக்கு.

கடையின் பின்மூலையில் திரை போட்ட இடம் ஒன்று உண்டு. இளஞ்சிவப்பு சோபா, சின்ன மேசை, சுவரில் தாயும் சேயுமாக ஒரு படம். பாலூட்டும் அம்மாக்களுக்காக என்று பாட்ரீசியா ஏற்பாடு செய்தது. முதல் நாள் மதியம் ஷெர்லீன் திரையை விலக்கி உட்காரப் போனாள்.

"இங்கயா?" என்றாள் பாட்ரீசியா. "கஸ்டமர் வந்தா எங்க உட்காருவாங்க? மேல ஸ்டோர் இருக்குல்ல?"

"ஸ்டோர்ல கேமரா இருக்கு ஆண்ட்டி."

"அதை யாரு பாத்துக்கிட்டிருக்கா? நான் மட்டும்தானே பாக்குறேன்."

டயப்பர் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் முக்காலி. கடையில் கூட வேலை செய்யும் ருக்கையாக்காவும் ஏறி வந்தாள். ஐம்பது வயது, பெரிய பிள்ளைகள் நான்கு பேர். கேமராவுக்கு முன்னால் பெட்டிகளை அடுக்கி மறைத்தாள். "நீ எடு. கீழ நான் பாத்துக்கிறேன்" என்றாள். பத்து நிமிடம் ஆகியிருக்காது, கீழேயிருந்து குரல் வந்தது. "ஷெர்லீன்! ஆள் வந்திருக்கு!" சட்டையை மூடிக்கொண்டு இறங்கினாள். பைக்குள் இரண்டு மடக்குப் பால்கூடத் தேறவில்லை.

தினமும் இதே கதைதான். பால் எடுக்காத மார்பு பாறைபோல இறுகும். வீட்டுக்குப் போவதற்குள் கையைத் தூக்க முடியாது. பத்தாம் நாளோ என்னவோ, பமேலா வீட்டு அடுப்பங்கரையில் பால் மாவு டின் ஒன்றைப் பார்த்தாள்.

"என்னாது அண்ணி இது?"

பமேலா ஒளிக்கவில்லை. "நீ குடுத்துட்டுப் போற பால் மத்தியானத்துக்கே முடிஞ்சிடுது. அதுக்கப்புறம் பிள்ள கத்துது. நீ வர்ற வரைக்கும் நான் என்ன பண்ணுறது, வேடிக்க பாக்குறதா?"

ஷெர்லீன் டின்னின் மூடியை இறுக்கி மூடி வைத்துவிட்டு வந்தாள்.

ஒரு சனிக்கிழமை பிற்பகல் இணையத்தில் லைவ் விற்பனை. பாட்ரீசியா கைப்பேசியைத் தாங்கியில் மாட்டி, விளக்கு போட்டு, ஷெர்லீனை நடுவில் நிறுத்தினாள். "இப்ப நீயே அம்மா. நீ சொன்னா நம்புவாங்க" என்றாள். இரண்டு மணி நேரம். ஷெர்லீன் பம்ப்பைப் பிரித்துக் காட்டினாள், புனல் அளவுகளைச் சொன்னாள், பால் பையில் தேதி எழுதும் இடத்தைக் காட்டினாள். ஒரு மணி நேரம் தாண்டியதும் மார்பு கனக்கத் தொடங்கியது. பாட்ரீசியாவைப் பார்த்துக் கையால் சாடை காட்டினாள். பாட்ரீசியா விரலைச் சுழற்றினாள், தொடரு என்று.

அந்த நேரத்தில் கடைக்குள் யாரோ ஒருத்தியின் கைக்குழந்தை வீறிட்டது. அவ்வளவுதான். ஷெர்லீனின் சட்டை இரண்டு பக்கமும் நனைந்தது. வெளிர்நீலச் சட்டை, கறை படர்வது தெளிவாகத் தெரிந்தது. அவள் கையில் இருந்த பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

கைப்பேசியில் சிரிப்பு முகங்கள் ஓடின. பாட்ரீசியா லைவை நிறுத்தவில்லை. தானே கைப்பேசிக்கு முன்னால் வந்து, ஷெர்லீனின் கையிலிருந்த பெட்டியை மெல்ல இழுத்து இறக்கினாள்.

"பாத்தீங்களா மம்மீஸ்? நம்ம ஷெர்லீனுக்கு எவ்வளவு பால்! எல்லாம் இந்தப் பம்ப்தான். இவ பேட் போட மறந்துட்டா, நீங்க மறக்காதீங்க. பேட் இன்னிக்கு ரெண்டு வாங்குனா ஒண்ணு ஃப்ரீ!"

பேட் எல்லாம் அன்றே விற்றுத் தீர்ந்தது.

ஷெர்லீன் கழிவறைக்குப் போய் கதவைத் தாழிட்டாள். பாலைக் கையால் பிழிந்து முகம் கழுவும் தொட்டியில் விட்டாள். ருக்கையாக்கா வெளியே நின்று இரண்டு தடவை தட்டிவிட்டுப் போனாள்.

அந்தக் காட்சியை மட்டும் யாரோ வெட்டிப் பரப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை பிரான்க்ளின் வேலை முடிந்து வந்தவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

"லோரிக்காரப் பசங்க எல்லாருமே பாத்துட்டானுங்க. நீ ஏன் அங்க நின்ன? நகர்ந்து போக வேண்டியதுதானே?"

"போகச் சொல்லலையே."

"சொன்னாத்தான் போவியா? என் மூஞ்சிய எங்க வச்சிக்கிறது?"

"நனைஞ்சது என் சட்டைங்க. ஒங்க மூஞ்சி இல்ல."

அவன் செருப்பை உதறிவிட்டு உள்ளே போனான். அந்த வாரம் முழுவதும் அவளோடு பேசவில்லை. அவளோடு கடைக்குப் போய் பாட்ரீசியாவிடம் இரண்டு வார்த்தை கேட்பான் என்று உள்ளுக்குள் எதிர்பார்த்திருந்தாள். அவன் போகவில்லை.

வாரக் கடைசியில் அவளுக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. இடது மார்பு சிவந்து கொதித்தது. கிளினிக் டாக்டர் மருந்து எழுதிக்கொடுத்து, பாலை நிறுத்தாதே, நேரம் தவறாமல் எடு என்றார். நேரத்துக்கு எங்கே போவது என்று அவரிடம் கேட்கவா முடியும்? இரண்டு நாள் கழித்து ருக்கையாக்கா மெர்லிமாவ் வீட்டுக்கே பார்க்க வந்தாள். மேசையில் இருந்த பம்ப்பை ஷெர்லீன் காட்டினாள்.

"இதுல வரவே மாட்டேங்குதுக்கா. என் ஒடம்புலதான் ஏதோ கோளாறு."

ருக்கையாக்கா முந்தானையை விரலில் சுற்றினாள். பிறகு சொன்னாள்.

"உன் ஒடம்புல ஒண்ணுமில்லம்மா. இது அலோர் காஜாக்காரி ஒருத்தி திருப்பிக் குடுத்தது. உறிஞ்சலன்னு சண்ட போட்டுட்டுப் போனா. முதலாளியம்மாதான் தொடச்சிப் பெட்டியில வைக்கச் சொன்னாங்க. நான்தான் தொடச்சேன். ரிப்பனும் நான்தான் கட்டுனேன்."

"அப்பவே தெரியுமாக்கா ஒங்களுக்கு?"

"தெரியும்."

"இன்னொருத்தி மார்ல வச்சது."

"தெரியும்மா. வேலைக்குப் பயந்துட்டேன்."

கொண்டுவந்த பழப்பையை வைத்துவிட்டு ருக்கையாக்கா போய்விட்டாள். ஷெர்லீன் அவளைத் திட்டவில்லை. வாசல்வரை போய் வழியனுப்பவும் இல்லை.

காய்ச்சல் விட்டதும் கடைக்குப் போய் பம்ப்பைக் கல்லாவின் மேல் வைத்தாள்.

"இது திருப்பி வந்த பம்ப்புன்னு தெரிஞ்சேதானே குடுத்தீங்க ஆண்ட்டி?"

பாட்ரீசியா பக்கத்தில் வாடிக்கையாளர் இருக்கிறாரா என்று முதலில் பார்த்தாள். "ஃப்ரீயா குடுத்ததுக்குக் கேள்வியா? மோட்டார் ஓடுதுல்ல?"

"சரி, அத விடுங்க. கடையோட பேஜ்ல இருக்குற அந்த லைவ் வீடியோவ எடுத்துடுங்க. நான் பால் எடுக்குற நேரத்துக்கு அந்த சோபாவ விடுங்க. தெனம் ரெண்டு தடவ, இருபது இருபது நிமிஷம். வேற ஒண்ணும் கேக்கல."

"வீடியோவ எப்பிடி எடுக்குறது? அதப் பாத்துத்தான் இப்ப ஆர்டரே வருது. நானும் மூணு பெத்தவதான், ஷெர்லீன். எனக்கு யாரு சோபா போட்டா? பால் மாவு குடுத்துத்தான் வளத்தேன். என் பிள்ளைங்களுக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

இதைப் பாலூட்டும் மூலையின் திரைக்கு முன்னால் நின்றுதான் பாட்ரீசியா சொன்னாள். ஷெர்லீன் அன்றே வேலையை விட்டாள். கதவைத் தள்ளி வெளியே வரும்போது உள்ளே ருக்கையாக்கா ஒரு பெண்ணுக்குப் பால் பையின் அளவுகளை விளக்கிக்கொண்டிருந்தாள். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இனி வீட்டில்தானே இருக்கிறோம், பால் திரும்பிவிடும் என்று நம்பினாள். நாள் முழுவதும் மெரிசாவை மார்பில் வைத்துப் பார்த்தாள். ஆனால் போத்தலில் வேகமாகக் குடித்துப் பழகிய பிள்ளை இரண்டு தடவை சப்பிவிட்டு முதுகை வளைத்து அழுதது. நர்ஸிடம் மறுபடி போனாள். நர்ஸ் சொன்னதையெல்லாம் செய்தாள். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை, மெரிசா முகத்தைத் திருப்பிக்கொண்டு மேசையில் இருந்த போத்தலைப் பார்த்துக் கையை நீட்டினாள். ஷெர்லீன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பால் மாவைக் கலக்கினாள்.

மெரிசா நன்றாகத்தான் வளர்ந்தாள். எடை ஏறியது, நோய்நொடி இல்லை. "அப்புறம் என்ன கவல ஒனக்கு?" என்று பமேலா கேட்டாள். பிரான்க்ளினும் அதையே கேட்டான். பிள்ளையை அவர்கள் பார்த்தார்கள். அவள் இழந்ததைப் பார்க்க அங்கே எதுவும் இல்லை.

இப்போது அவள் மெர்லிமாவில் ஒரு டயர் கடையில் கல்லாவில் இருக்கிறாள். மூன்று வீடு தள்ளி தேவிஸ்ரீ என்று ஒரு பெண், ஏழு மாதக் கர்ப்பிணி. எங்கோ கேள்விப்பட்டு ஒரு நாள் மாலை வந்தாள்.

"அக்கா, நீங்க குழந்த சாமான் கடையில இருந்தீங்களாமே. முதல் பிள்ள. என்னென்ன வாங்கணும்னு எழுதித் தாங்களேன்."

ஷெர்லீன் எழுதவில்லை. வாயால் சொன்னாள்.

"பிரா, துணிப் பேட், களிம்பு. பம்ப் வாங்குனா புதுப் பெட்டி ஒங்க கண்ணு முன்னாடி பிரிக்கணும். புனல் ஒங்க அளவுக்குப் பொருந்தணும். பால் சூடாக்குற மிஷினு, அந்த வளைஞ்ச தலையணி எல்லாம் வேணாம், வீட்டுத் தலையணி போதும். அதுக்கெல்லாம் முன்னாடி ஒங்க பாஸ்கிட்ட கேளுங்க, பால் எடுக்க எங்க உட்காருறது, எத்தன மணிக்கு விடுவீங்கன்னு. எழுத்துல வாங்குங்க."

தேவிஸ்ரீ சிரித்தாள். "பாஸ்கிட்ட எப்பிடிக்கா இதப்போயிக் கேக்குறது? ஆம்பள அவரு. எனக்கு வேலையே இன்னும் கன்ஃபர்ம் ஆவலலா."

"இப்பக் கேக்கலன்னா அப்புறம் கேக்கவே முடியாது."

"பாக்குறேங்கா" என்றாள் தேவிஸ்ரீ. பார்க்கமாட்டாள் என்று ஷெர்லீனுக்குத் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தேவிஸ்ரீயின் கணவன் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான். இரண்டு பக்கமும் பைகள் தொங்கின. பாட்ரீசியாவின் கடைப் பைகள். தேவிஸ்ரீ வாசலில் நின்று உற்சாகமாகக் கையாட்டினாள்.

"எல்லாமே செட்டா ஆஃபர்ல குடுத்தாங்கக்கா! சூடாக்குற மிஷினும் சேத்து!"

ஷெர்லீன் பதிலுக்குக் கையை ஆட்டினாள். இடுப்பில் இருந்த மெரிசாவும் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினாள். பிறகு இருவரும் உள்ளே போனார்கள்.