ஜன்னலோரம் அவள், அடுத்து நான்

திருமணமான நாளிலிருந்து பேருந்தில் நாங்கள் உட்காரும் முறை மாறியதில்லை. ஜன்னலோரம் அவள், அடுத்து நான். திண்டிவனத்தில் அவள் தம்பி வீட்டுக்குப் போய்விட்டு விழுப்புரம் திரும்பும்போது, வண்டி நிற்பதற்குள் ஜன்னல் வழியாகக் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்துவிடுவேன். கைக்குட்டைக்கு எந்த விதியிலும் இட ஒதுக்கீடு கிடையாது. தெரிந்தேதான் போடுவேன்.

அவளுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொன்ன பிறகும் அது தொடர்ந்தது, போன கோடை வரை.

அன்று கூட்டேரிப்பட்டு தாண்டியதும் அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பையை மடியோடு அணைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் ஒடுங்கினாள்.

"யாருங்க நீங்க? பொம்பள பக்கத்துல வந்து உக்காந்துக்கினு."

முன் இருக்கையில் அவித்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றுகொண்டிருந்த பெண் திரும்பினாள். "இன்னா பெரியவரே, இந்த வயசுலயுமா? எழுந்து அப்பால போ."

"என் சம்சாரம்மா."

"எங்க வூட்டுக்காரரு தாலுக்கா ஆபீசுல இருக்காரு" என்றாள் என் மனைவி அவளிடம். "இவரு யாருன்னே தெரியல."

முதல் பாதி உண்மை. இருந்தேன். யாருக்கு யார் என்ன உறவு என்று விசாரித்துச் சான்றிதழ் தயாரிப்பதிலேயே என் பணிக்காலம் போயிற்று. கணவன் மனைவி என்று நிரூபிக்க எந்த ஆவணம் செல்லும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். இருவர் ஆதார் அட்டையும் சட்டைப் பையில் இருந்தன. எடுத்துக் காட்டினால் பேருந்து முழுக்க நம்பும். அவள் ஒருத்தி நம்பமாட்டாள், பயம்தான் கூடும். விசாரணையை அத்துடன் முடித்துக்கொண்டு எழுந்து கடைசி வரிசைக்குப் போனேன். அந்தப் பெண் என் இடத்துக்கு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

விக்கிரவாண்டியில் அந்தப் பெண் இறங்க வேண்டியிருந்தது. "யாரு கூப்ட்டாலும் போவாதம்மா" என்று புத்தி சொல்லிவிட்டு இறங்கினாள்.

விழுப்புரம் வரை எனக்கு ஒரே கவலைதான். அவளை எப்படி வீட்டுக்கு அழைத்துப் போவது?

பேருந்து நிலையத்தில் அவள் இறங்கி ஒரு தூணோரம் நின்றாள். கொஞ்சம் தள்ளி நின்று கேட்டேன்.

"எந்தப் பக்கம் போவணுங்க?"

"தண்ணி டேங்க்காண்ட."

பேருந்தில் விரட்டிய ஆளை அதற்குள் மறந்திருந்தாள். அந்த நோய் எனக்குத் தந்த ஒரே சலுகை.

"நானும் அங்கதான் போறேன்."

யோசித்தாள். "அப்ப நீங்க முன்னாடி போங்க. நான் பின்னாடி வர்றேன்."

முன்னால் நடப்பது என் பழைய வழக்கம்தான். பின்னால் செருப்புச் சத்தம் வருகிறதா என்று காது கொடுத்து நடந்தது அன்றுதான்.

பூட்டிய வீட்டின் முன் நின்றாள். "ரொம்ப உபகாரங்க. அவரு வந்து தெறப்பாரு. நீங்க கெளம்புங்க, ஆம்பள இல்லாத வூட்டாண்ட நிக்காதீங்க."

சாவி என் பையில். தெருமுனை மளிகைக் கடை வரை போய், அவள் படியில் உட்காருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு திரும்பி வந்தேன். நிமிர்ந்து பார்த்தாள். என்ன தீர்ப்பு வரும் என்று தெரியவில்லை.

"இன்னாங்க இவ்ளோ நேரம்? ஒரு பெரியவருதான் கொண்டாந்து வுட்டாரு."

"அப்பிடியா."

"நல்ல மனுஷன். பாவம், அவருக்கு யாரும் இல்ல போல."

நான் பூட்டைத் திறந்தேன்.